நார்மன் மாமாவை எங்கே வைப்பது

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு விரல் வெடிப்பும் அப்பாவுக்கு முழங்கால் வலியும் இருக்கின்றன, மற்றபடி நாங்கள் சௌக்கியம். அங்கே நியூசிலாந்தில் வெயில் கொளுத்துகிறது என்றாய், குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளையும் நீயும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இங்கே கடல்காற்று ஜன்னல் இடுக்கையெல்லாம் தேடிப் பிடித்து உள்ளே வருகிறது. அடுப்பு இருக்கிறதே என்று தையல் சட்டத்தை முன்னறையிலேயே போட்டுவிட்டேன், அப்பா தன் நாற்காலிக்குப் போக சட்டத்துக்கு அடியில் குனிந்துதான் போகவேண்டும், "சொந்த வீட்டுல நண்டு மாதிரி நடக்க வெச்சுட்டே" என்று தினமும் சொல்லிக் காட்டுகிறார். போன வாரம் நான் வெங்காயத்தோல் போட்டுத் துணிக்குச் சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் லீக் வெங்காயத்தண்டு சூப் வைத்துவிட்டார், சூப் மஞ்சளாக இருந்தது, அதையும் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பகல் என்று பேர்தான், சாப்பிட்டுக் கை கழுவி ஊசியில் நூல் கோத்தால் வெளிச்சம் போய்விடுகிறது.

போனில் நீ கேட்டாயே, வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு அனுப்புகிற அண்ணனுக்காக ஏம்மா இப்படி அழறே என்று, அதற்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு நீ சொல்லாதே நான் சொல்கிறேன் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். நான் உன் தாத்தாவின் படகை வைத்து துணித்துண்டுகளை ஒட்டித் தைத்து ஒரு பெரிய குவில்ட் செய்தேன் அல்லவா, சுவரளவுக்கு, தாத்தா கடலுக்குப் போய்த் திரும்பாத அந்தக் காலையை. அலை எல்லாம் பழைய திரைச்சீலைத் துணி, படகு பச்சை, கரையில் பாட்டி நிற்கிறாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நார்மன் மாமா, அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. எனக்கு நாலு வயது, எனக்கு எதுவும் ஞாபகமில்லை, ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தையும் பாட்டி சொன்னதையும் வைத்துத்தான் எல்லாம் தைத்தேன். இலையுதிர் காலத்தில் டவுனில் கண்காட்சி வைத்தார்களே, அங்கே அதை நார்வேயிலிருந்து வந்த ஒரு தம்பதி பார்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன்.

ஜனவரியில் ஒருநாள் பனி கொட்டத் தொடங்கிய நேரம், கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் நார்மன் மாமா. பதினைந்து வயதில் கிரிம்ஸ்பி மீன் துறைக்கு வேலைக்குப் போனவர், சாவுக்குத் தவிர இந்த ஊருக்குள் கால் வைக்காதவர், இரண்டு பஸ் மாறி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார். தொப்பியைக்கூட எடுக்காமல் "எங்கே அது, குட்டி?" என்றார். எது என்றேன். அவருடைய பக்கத்து வீட்டுக்காரம்மா என் படகுக் குவில்ட்டைப் பற்றிப் பேப்பரில் வந்ததைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது, நேரே பார்த்தால் முகம் தெரியாது, ஓரக்கண்ணால் பெரிதாக இருப்பது ஏதோ கொஞ்சம் தெரியும், அதுவும் கோடைக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விற்றுவிட்டேன் என்று நான் சொன்னதும் தொப்பியைக் கழற்றிப் பனியை உதறினார். பிறகு "சரி, டீயாவது இருக்கா, அதையும் வித்துட்டியா?" என்றார். போனில் இருந்த படத்தைக் காட்டினேன், மூக்கருகே வைத்துத் தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு "தபால்தலை மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, வாயாலே சொல்லு என்றார். சொன்னேன். பச்சைப் படகு என்றதும் சிரித்தார். "பச்சை பழைய படகு. அந்த வருஷம் அப்பா நீலம் அடிச்சாரு, மிச்சப் பெயிண்டை உன் குட்டி நாற்காலிக்கு அடிச்சாரு, காயறதுக்குள்ள நீ அதுல உட்கார்ந்து அம்மாகிட்ட உதை வாங்கினே" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி "என்னை எங்கே வெச்சிருக்கே? அதைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார். கரையில், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனது. "நான் கரையில இல்லியே, ஹிலரி. நான் படுக்கையில இருந்தேன்" என்றார்.

அன்றைக்கு எங்கள் அப்பாவோடு, உன் தாத்தாவோடு, படகில் அவரும் போயிருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து, காதுவலி என்று முதல் நாளே பொய் சொல்லியிருக்கிறார். விடியுமுன் அப்பா பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்து கதவருகே நின்று பார்த்தாராம், "பையன் தூங்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனாராம். ரெண்டு பேர் இருக்க வேண்டிய படகு. நல்ல வேளை பிள்ளைக்குக் காதுவலி வந்தது, கடவுள் காப்பாற்றினார் என்று அம்மா ஊரெல்லாம் சொல்வாள், அதைக் கேட்க முடியாமல்தான் ஓடினேன் என்றார். நாங்கள் எல்லோரும் இத்தனை வருஷமாக அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தோம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, நீயும் படகில் போயிருந்தால் நீயும் போய்ச் சேர்ந்திருப்பாய் என்றேன். "அம்மாவும் இதையேதான் சொல்லுவா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், ரோவீனா. ஒன்றும் சொல்லாமல் கையையாவது பிடித்திருக்கலாம்.

பனி பாதையை அடைத்துவிட்டதால் அவர் கிளம்ப முடியவில்லை. உன் அறையில்தான் படுத்தார், உன் கட்டிலில் பாட்டியின் கல்யாணக் குவில்ட் இருக்கிறதே, முழு வெள்ளைத் துணி, வெள்ளை நூல், தையலாலேயே இறகும் கயிறும் புடைத்துக்கொண்டு நிற்குமே, அது. காலையில் காபி கொண்டுபோனேன், கண்ணை மூடிக்கொண்டு விரலால் அதைத் தடவிக்கொண்டிருந்தார். "இது எனக்குத் தெரியுது குட்டி, இறகு, ரோஜா, இங்கே அம்மா ஒரு தையல் விட்டிருக்கா" என்றார். அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன். வெள்ளையிலேயே இன்னொன்று செய்கிறேன், நிறமே வேண்டாம், நீ தடவிப் பார் என்றேன். அவர் அந்த விட்டுப்போன தையலையே மறுபடி மறுபடி தடவிக்கொண்டிருந்தார். பாதை திறந்த அன்று அப்பாவும் நானும் பஸ் ஏற்றப் போனோம், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிச் சொன்னார், "என்னைப் படுக்கையிலயே வை. ஆனா தூங்கற மாதிரி வைக்காதே. நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன். அப்பா வந்து நின்னதும் தெரியும்" என்றார். டிரைவர் கதவைச் சாத்திவிட்டான்.

அன்றிலிருந்து வேறு வேலை தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார், அலை வந்துச்சா, வீடு வந்துச்சா என்று கேட்பார், ஒருநாள் தாமதமானாலும் என்ன குட்டி கை தூங்குதா என்று கிண்டல் செய்வார். பிப்ரவரி தொடக்கத்தில் பனி விட்டு நாலு நாள் நல்ல வெயில் அடித்தது. அப்பா சொன்னார், துணியைச் சுருட்டி எடுத்துக்கோ, நான் ஓட்டறேன், ஆனவரைக்கும் அவர் தடவிப் பார்க்கட்டும் என்று. முடியாத வேலையை நான் யாருக்கும் காட்டியதில்லை, முடித்துவிட்டுத்தான் போவேன் என்றேன். பிடிவாதம், வேறென்ன. படகு வந்திருந்தது, அலை வந்திருந்தது, அவருக்கு அது போதுமாக இருந்திருக்கும். அடுத்த வாரமே அந்தப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று. இதுதான் நான் அழுவதற்குக் காரணம். உன் அப்பா நான் சொன்னேனே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

இப்போது மாடி ஜன்னலும் கட்டிலும் ஆகிவிட்டன. கட்டில் தீப்பெட்டி அளவுதான், அதில் பையனும் ஆகிவிட்டான். கண் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஒரு தையல் போட்டால் மூடியிருக்கிறது, இரண்டு போட்டால் பயந்த மாதிரி இருக்கிறது, போடுவதும் பிரிப்பதுமாகத் துணியே அந்த இடத்தில் நைந்துவிட்டது. நேற்று வெளிச்சம் போகிற சமயத்தில் மறுபடி போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவரைப் போலவே விரலால் தடவிப் பார்த்தேன். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், வேறெதுவும் நான் கேட்பதில்லை. நீங்கள் இங்கே வருவதற்குக் குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட மறந்துவிடாதே, அப்பா இப்போதே தொட்டிலுக்கு இடம் அளந்துகொண்டிருக்கிறார்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா
ஹிலரி