பல் பார்க்காமல் போட்ட கையெழுத்து

அக்கா,

நேற்று கடலூர்ப் பயிற்சியில் கொடுத்த புத்தகம் என் எதிரே கிடக்கிறது. வழவழப்பான தாள், அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. செம்மறி ஆடு வளர்ப்பவர்களுக்கான கையேடாம். முப்பத்தோராம் பக்கத்தில் நாம் இருக்கிறோம், பெயர் மட்டும் இல்லை. "சிதம்பரம் அருகே ஒரு மகளிர் குழுவுக்குத் தரமான ஆடுகள் வழங்கப்பட்டும், அனுபவமின்மையாலும் கவனக்குறைவாலும் பெரும்பாலானவை இறந்தன." தரமான ஆடுகள்! நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இனிமேல் எதை எழுதினாலும் எதிர்த்துக் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டார்கள் போல.

அனுபவமின்மை யாருக்கு? எனக்கு என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்வேன். பெண்ணாடத்திலிருந்து இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது கரும்பைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் நாலு வருடம் முன்பே மூத்த மருமகளாக வந்தவர். வரும்போதே அம்மா வீட்டிலிருந்து இரண்டு செவலைப் பெட்டை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர். ஓரகத்திகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்று தெருவே காத்துக்கொண்டிருந்தது. நான் வந்த மூன்றாம் நாளே அவர்கள் எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது. பட்டிக்குள் போக மறுத்த ஒரு ஆட்டை நான் முதுகு முடியைப் பிடித்து இழுத்தேன்.

"ஏய், விடுடி அத! உன் தலமயிரப் புடிச்சி இழுத்தா நீ வருவியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கையை ஆட்டின் தாடைக்கு அடியில் கொடுத்தீர்கள், இன்னொரு கையைப் பின்பக்கத்தில் வைத்தீர்கள். அது அப்படியே அடங்கி நின்றது. பிறகு என் கையைப் பிடித்து அதே மாதிரி வைத்தீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது நம் சிநேகிதம்.

"அது வாயத் தொறந்து சொல்லாது. கண்ண இறக்கிப் பாரு, பல்லப் பாரு, கால மடக்கிப் பாரு. அதுலயே எல்லாம் தெரிஞ்சிடும்" என்பீர்கள். கீழ் இமையை இறக்கினால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் குடலில் புழு. மருந்து புகட்டும்போது தலையை அண்ணாத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். பனி காயாமல் மேய்ச்சலுக்கு ஓட்டக் கூடாது. துள்ளுமாரி நோய்க்கான ஊசியை மழைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்று அதிகாரிகள் எழுதிவைத்திருந்த உங்களுக்கு இவ்வளவும் தெரியும்.

அரசாங்கம் கொடுத்த ஆடுகளோடு அந்த லாரி வந்த நாளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. குழுவுக்கு நீங்கள் தலைவி. எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் நான் செயலாளர். இருபது பெட்டைகள், எல்லாம் சென்னைச் சிவப்பு இனம் என்று சொல்லியிருந்தார்கள். அதாவது நம் பக்கத்துச் செவலை: வழவழவென்று முடி, நெற்றியில் வெள்ளை, மழைக்கும் வெயிலுக்கும் பழகிய உடம்பு. லாரியிலிருந்து இறங்கியவை வெள்ளை உடம்பும் கறுத்த முகமுமாக, மேலெல்லாம் கம்பளியோடு இருந்தன. ஐப்பசி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. படம் எடுக்க யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று கூடவே வந்த கால்நடைத்துறை அதிகாரி பரபரத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் வரிசையாக ஆடுகளின் உதட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனீர்கள். நாலாவது ஆட்டோடு நிமிர்ந்தீர்கள்.

"சார், இது செவலை இல்ல. மேக்கத்திக் குறும்பை. காஞ்ச பூமியில கெடந்தது, நம்ம சேத்துல நிக்காது. பல்லெல்லாம் தேஞ்சி விழுந்திருக்கு, கெழட்டு ஆடு. எளசா ரெண்டு பல்லு, நாலு பல்லு ஆடா மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

"ஆடுன்னா ஆடுதானம்மா. நீங்க கொஞ்சம் ஓரமா போங்க, நான் படிச்சவங்ககிட்ட பேசிக்கிறேன்" என்றார் அவர். பேனாவை என் பக்கம் நீட்டினார். "நீங்க பிளஸ் டூ தானே? படிச்சிப் பாத்துப் போடுங்க."

படித்துப் பார்த்தேன். நல்ல நிலையில், உரிய இனத்து ஆடுகளைப் பெற்றுக்கொண்டோம் என்று இருந்தது. பொய் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். பத்துப் பேர் நடுவில் ஒருவர் என்னைப் படித்தவள் என்று சொன்னது எனக்கு அவ்வளவு இனித்தது, அக்கா. உங்கள் முகத்தைப் பார்க்காமல் போட்டேன்.

மழை இருபது நாள் விடவில்லை. கம்பளி நனைந்து பிழியப் பிழிய நீர் ஒழுகியது. குளம்பு இடுக்கில் அழுகல் கண்டது. சில ஆடுகளுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது. நீங்கள் மூங்கிலைப் பிளந்து பரண் கட்டி, புழுக்கை கீழே விழுகிற மாதிரி இடைவெளி விட்டு, எல்லாவற்றையும் ஈரத்திலிருந்து மேலே ஏற்றினீர்கள். நான் ஒவ்வொன்றாகப் பின்பக்கத்தில் உட்காரவைத்து என் முழங்காலில் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நீங்கள் அழுகின குளம்பைச் செதுக்கினீர்கள். குளம்புப் புண் ஆற மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் நடக்கவிடும் முன்னால் நல்ல தண்ணீரை வயிறு முட்டக் காட்டினீர்கள். தாகத்தில் துத்தத் தண்ணீரைக் குடித்துவிட்டால் செத்துவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் காவல் நின்றீர்கள். உங்கள் கால்விரல் இடுக்கும் சேற்றில் வெந்து புண்ணாகியிருந்தது. அதைப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை. இதற்குப் பெயர் கவனக்குறைவா?

அப்படியும் பன்னிரண்டு ஆடுகள் செத்தன. அதே பட்டியில், அதே தீனியில், அதே கைகளில் இருந்த நம் சொந்தச் செவலைகள் ஆறும் உயிரோடு இருந்தன. இதை எத்தனை பேரிடம் சொன்னோம்! விசாரணைக்கு வந்தவர்களில் ஒருவராவது அந்த ஆறையும் திரும்பிப் பார்த்தாரா?

நீங்கள் சும்மா இருக்கவில்லை. மிஞ்சியதில் ஒரு குறும்பையை லோடு ஆட்டோவில் ஏற்றிச் சிதம்பரத்துக்கே கொண்டுபோனீர்கள். அலுவலக வாசலில் அதன் வாயைத் திறந்து, "பல்ல பாருங்க சார். நீங்களே சொல்லுங்க, இது எளம் ஆடா?" என்று கேட்டீர்கள். அதே அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆட்டின் பக்கம் குனியவே இல்லை. கோப்பைத் திறந்து அந்தத் தாளைக் காட்டினார்.

"நல்ல ஆடுன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு இப்ப வந்து பேசினா? யாரு போட்டது இது?"

நான் உங்களுக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். நீங்கள் திரும்பவில்லை.

"தலைவி நான்தான் சார். பொறுப்பு என்னுது."

அதோடு முடிந்தது. ஊரில் பழி உங்கள் மேல் விழுந்தது. "பெரிய ஆட்டுக்காரின்னு பீத்திக்கிட்டா, அத்தனையும் சாவடிச்சிட்டா" என்று குழாயடியில் உங்கள் காதுபடவே பேசினார்கள். குழுவில் நிறையப் பேர் உங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்தில் குடத்தோடு நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில்கூட, "ஆடுங்களுக்கு ஊசி போட்டாச்சாடி?" என்றுதான் கேட்டீர்கள்.

நேற்று அந்தக் கூடத்தில் நூறு பெண்கள் இருந்திருப்பார்கள். பயிற்சி கொடுத்தவர் அந்த அதிகாரி இல்லை, வேறு ஆள், வயதில் சின்னவர். முப்பத்தோராம் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, "கவனிக்கலன்னா இப்படித்தான் ஆகும்" என்றார். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அந்தக் குழு நாங்கதான் சார். இதுல எழுதியிருக்கிறது பொய்."

"உக்காருங்கம்மா, இது சும்மா ஒரு எக்ஸாம்பிள்தான்."

"எக்ஸாம்பிளா? எங்க அக்கா சார் அது!"

குறும்பையைச் சொன்னேன், தேய்ந்த பல்லைச் சொன்னேன், பரணையும் துத்தத் தண்ணீரையும் சொன்னேன், சாகாத ஆறு செவலைகளைச் சொன்னேன். பிறகு, இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன். "அவுங்க வேணாம்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டது நான். படிச்ச நான்தான் போட்டேன்."

அவர் தாளைப் புரட்டினார். மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். தனக்கு அதிகாரமில்லை என்றார். அவரிடமிருந்து பேனாவை வாங்கி என் புத்தகத்தில் நானே அடித்தேன், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தேன். முன் வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள், திருவந்திபுரம் பக்கத்துக்காரியாம். "எங்க குழுவுக்கு அடுத்த மாசம் ஆடு வருதுக்கா. பல்லு எப்படிப் பாக்கிறது?" என்று கேட்டாள்.

மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கீழேதான் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அகலமான பல் இரண்டு என்றால் ஒரு வயது தாண்டியது, நாலு என்றால் இரண்டு, எட்டும் சேர்ந்துவிட்டால் நாலு வயது. அதற்குமேல் தேயும், ஆடும், விழும். சொல்லி முடித்துத் தலையைத் தூக்கினால் பதினைந்து பேர் சுற்றி நிற்கிறார்கள். அதில் மூன்று நாலு பேர் தங்கள் புத்தகத்திலும் அந்த வரியை அடித்திருந்தார்கள். மற்றவர்கள் அடிக்கவில்லை, அக்கா. உண்மையைத்தான் சொல்கிறேன்.

இதனால் உங்கள் நல்ல பெயர் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை ஊருக்குப் போகுமோ. இன்று காலை குழாயடிக்குப் போனேன். குடத்தை வைத்துவிட்டு, நேற்று கூடத்தில் சொன்னதையே அங்கேயும் சொன்னேன். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி, "இத அவ உசுரோட இருக்கசொல்ல சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன், அக்கா.