அப்பாவின் தலைமாட்டுக் கல்

ஈப்போவுக்கு அடுத்த ரப்பர்த் தோட்டம், 1926 புரட்டாசி 5

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் மகன் பத்துமலைக்கு அம்மா இருளாயி எழுதுவது. நானும் உன் தங்கை செல்லாயியும் மூன்று ஆடும் சுகம், உன் தோளும் வயிறும் சுகமாயிருக்க மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும். ஐந்து ஆடு எப்படி மூன்றாயிற்று என்று சொல்லத்தான் இந்தக் காகிதம். நான் சொல்லச் சொல்ல செல்லாயி எழுதுகிறாள். (அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சரக்கு அண்ணே, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது நமக்கு வசதி.)

ரப்பர்ப் புகைக்கூடத்துக்கு மோட்டார் போகப் புதுச் சடக்கு போட, தோட்டத்துத் துரை நம் இடுகாட்டை அளந்தார். கல் நட்ட குழியை விட்டுவிடுவோம், மற்றதெல்லாம் மட்டமாக்குவோம் என்று கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு நம் லயத்து வீடுகளுக்கு வந்து வாசித்தார். உங்கப்பா குழியில் இருந்ததோ ஒரு பால்மரக் குச்சி, அதிலும் பாதி கறையானுக்கு. மறுநாளே இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு ஈப்போவுக்கு நடந்தோம். கல் பட்டறை முதலாளி சீனத் தவுக்கேயிடம் யாரோ சொல்லிவைத்து வாங்காமல் போன சிவப்பு மணற்கல் ஒன்று கிடந்தது, ஓரமெல்லாம் கொடி, உச்சியில் நாலு கால் பாம்பு. ஆடு இரண்டையும் கொடுத்து அதை வாங்கினோம். செல்லாயி எழுதிக்கொடுத்த ‘சடையன்’ என்ற பேரை, ஒரு எழுத்தும் தெரியாத அந்த மனுசன் அச்சாக வெட்டினான். பாம்புக்கு எதுக்குடி காலு என்று கூட வந்த பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் கேட்டாள். (கால் இருந்தால்தானே அத்தை காவல் என்றேன்.) மின்யா ஜாங்கான், காப்பூர் ஜாங்கான் என்று தவுக்கே மலாயில் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான். மணற்கல் எதை ஊற்றினாலும் குடித்துவிடுமாம், எண்ணெயும் சுண்ணாம்பும் ஆகாது, நனைத்த தேங்காய் நாரால் தேய்த்தால் போதும், ஈரம் ஏறாமல் அடியில் சரளை போட்டு நட வேண்டும். அப்படியே நட்டோம். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த கருப்பம்மாளை நான் விரட்டியேவிட்டேன்.

ஆடி மாதம் துரை மறுபடி அளவுச் சங்கிலியோடு வந்தார். கோடு நேராக உங்கப்பா நெஞ்சின் மேல் போயிற்று. கல் இருக்கே ஐயா என்றேன். கல்லைப் பிடுங்கி அங்கால நட்டாச் சரிதானே என்று கிராணி சொல்லிவிட்டார். மண்வெட்டியோடு நின்ற நாற்பது பேரும் நம் ஆட்கள்தான், ஒருவரும் தலை நிமிரவில்லை. அப்போது செல்லாயி என் காதில், யம்மா, கல்லுன்னாதானே பிடுங்குவாங்க, சாமின்னா தொடுவாங்களா என்று கேட்டு, அன்றும் எண்ணெயும் மஞ்சளுமாக வந்து நின்ற கருப்பம்மாளின் கிண்ணத்தை என் கையில் வைத்தாள். தவுக்கே சொன்னதெல்லாம் மனதில் இருந்தது. குடிக்கட்டும் என்று நானே உச்சியிலிருந்து ஊற்றினேன், மஞ்சளை அப்பி விழுந்து கும்பிட்டேன். கருப்பம்மாள் குலவையிட்டாள். மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. இது சாமியோ சமாதியோ என்று துரை கேட்பதாகக் கிராணி கேட்டார். எனக்குச் சாமிதான், வேணும்னா நீங்களே பிடுங்குங்க என்றேன். துரை என்னைப் பார்த்தார், கீழே கிடந்த மண்வெட்டிகளைப் பார்த்தார், இடுகாட்டுக்கு வெளியே முளை அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். கல்லே இல்லாத குழிகளும் தப்பின. (அன்றைக்கு லயத்தில் எல்லார் வீட்டிலும் கோழி. எங்கள் வீட்டுக்கு மட்டும் நாலு வீட்டுக் குழம்பு.)

கல்தான் எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது. போய்ச் சொன்னதும் தவுக்கே தலையில் அடித்துக்கொண்டான். பிறகு, களிமண்ணைக் குழைத்துக் கனமாக அப்பு, காய்கையில் எண்ணெயை இழுக்கும், உரித்துவிட்டு மறுபடி அப்பு என்றான். ஐந்தாம் தடவை உரித்தபோது உங்கப்பா பேர் பளிச்சென்று தெரிந்தது. (அம்மா அழவில்லை என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.)

தைமாதத் திதிக்கு லீவு கேட்டு வந்துவிடு, வெயிலில் வெறும் தலையோடு மூட்டை தூக்காதே. வந்தால் சடக்கோரம் என்னோடு நின்று பார்க்கலாம். உயிரோடிருந்தவரை துரையின் மோட்டார் சத்தம் கேட்டாலே ஓரத்துக் கான் வாய்க்காலில் இறங்கி நின்றவர் உங்கப்பா. இப்போது மோட்டார்தான் வேகத்தைக் குறைத்து, வளைந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போகிறது.

நூறு வயது நன்றாயிரு ராசா.

உன் அம்மா
இருளாயி (கைநாட்டு)
எழுதியது செல்லாயி (கையெழுத்தேதான்)