நட என்று சொன்னவள்

மார்ச் 2

அடி கூட்ஸ்,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. நாலு தரம் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அதனால்தான் உன் ஆஸ்பத்திரி முகவரிக்கே எழுதுகிறேன்.

எனக்கு இது இருபத்தொன்பதாவது வாரம். ஆமாம், மறுபடியும். இந்தத் தடவை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. போன தடவை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது போதும்.

பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் சரியாக இல்லை. ஒரு விசிலில் முந்நூறு பெண்பிள்ளைகளை மைதானம் சுற்ற வைக்கிற பி.டி. டீச்சர், இப்போது கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். டாக்டர் படுக்கச் சொன்னார் என்று நினைக்காதே. எல்லாம் தலைகீழ்! சர்க்கரை ஏறியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது. "சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கம்மா. இப்படிப் படுத்தே கிடந்தா ஊசிதான் போடணும்" என்று அந்த அம்மாள் கெஞ்சாத குறை. என் வீட்டுக்காரர் நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து, "வா டீச்சர், லிஃப்ட் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று கையை நீட்டுகிறார். என்னால் முடியவில்லை. நாலு அடி வைத்தால் அந்த நாள் வந்து முன்னால் நின்றுகொள்கிறது.

அன்றைக்கு வயிறு கல்லாக இறுகியதும் முதலில் உனக்குத்தானே போன் செய்தேன். நீ ஏதோ நோயாளிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாய். "பக்கப்பிடிப்பா இருக்கும்டி. நிக்காதே, மெதுவா நட, விட்டுடும்" என்றாய். ஓட்டத்தில் எனக்கு எக்ஸ்பிரஸ், உனக்கு கூட்ஸ் என்று பேர் வைத்த கோச், பத்து வயதிலிருந்து நம் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பிடிப்பு வந்தால் நிற்கிறவள் தோற்றவள். நான் மைதானத்தை நாலு சுற்று நடந்தேன். சாயங்காலம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. நீ ஓடி வந்தாய். வார்டில் அத்தனை பேர் முன்னால் "நீதான்டி என் பிள்ளையைக் கொன்னே" என்று கத்தினேன். நீ அப்படியே திரும்பிப் போய்விட்டாய். இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறேன் என்று நீ கேட்கலாம். கேள். ஆனால் எப்படி நடக்கவேண்டும் என்று நீ சொல்லு. வேறு யார் சொன்னாலும் என் கால் கேட்கமாட்டேன் என்கிறது.

உன்,
எக்ஸ்பிரஸ்


மார்ச் 9

டீச்சருக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம் பெற வாழ்த்துகள். கர்ப்ப காலப் பயிற்சி பற்றி உங்கள் டாக்டர் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நான் இப்போது எலும்பு முறிவுப் பிரிவில் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்வதில்லை.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட்


மார்ச் 13

அடிப்பாவி!

'நீங்கள்' என்றா எழுதினாய்? ஹாஸ்டலில் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டவளுக்கு 'நீங்கள்'! நாலு கெட்ட வார்த்தை எழுதியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அங்கிருந்து லிஃப்ட் வரை பதினான்கு மீட்டர். வீட்டுக்காரரிடம் டேப்பைக் கொடுத்து அளக்கச் சொன்னேன், தொழில் புத்தி. வீட்டுக்காரர் பின்னாலேயே நின்றார். அரை மணி நேரம் நின்றேன். கால் நகரவில்லை. கடைசியில் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எதிர்வீட்டு டெய்லரம்மா கதவைத் திறந்து, "வலி வந்துடுச்சா?" என்று கேட்டாள். "இல்லைங்க, பயம் வந்துடுச்சு" என்றார் இவர். சிரிப்பதா அழுவதா தெரியாமல் அவர் முகம் கோணியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சர்க்கரை இன்னும் ஏறியிருக்கிறது. பிள்ளை பெருத்துக்கொண்டே போகிறதாம். நடந்தால் பிள்ளை போய்விடும் என்று ஒரு பயம். நடக்காவிட்டாலும் போய்விடும் என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் கட்டிலில் கிடக்கிறேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

என்னைத் திட்டு. ஆனால் சொல்லு. காலில் விழச் சொன்னால் விழுகிறேன். வயிறு இடிக்கும், பரவாயில்லை.

எக்ஸ்பிரஸ்


மார்ச் 20

எக்ஸ்பிரஸ்,

எனக்குக் கோபம் இல்லை. பயம். இதை உனக்குச் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

வியாழக்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குப் பிறகு ஒரே ஒரு வகுப்புக்குப் போனேன். ஒருத்தி, "வயித்த இழுத்துப் பிடிக்குது மேடம், என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். வகுப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாளே இடம் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போதும் படியில் கர்ப்பிணி யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கிக்கொள்கிறேன். அப்படிப்பட்டவளிடம் நீ கேட்கிறாய்.

சரி, கேள். முதலில் உன் டாக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர் சரி என்றால் மட்டும் செய்.

லிஃப்டை மற. முதல் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழு, எட்டுத் தடவை. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி மெதுவாகச் சாய்ந்து நிமிர். மல்லாந்து படுத்துச் செய்கிற எதுவும் இனி வேண்டாம். படுத்தால் ஒருக்களித்துப் படு. நாலாம் நாள் கூடத்துக்குள்ளேயே ஐந்து நிமிடம் நட. பிறகு மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம், அவ்வளவுதான். நடக்கும்போது வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே இரு. பேசும்போது மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நீ பேசாமல் இருக்கமாட்டாய், அதனால் இந்த அளவுகோல் உனக்குப் பொருந்தும்.

இனி சொல்வதை நூறு தடவை படி. வயிறு இறுகினால் நில். உட்கார், தண்ணீர் குடி. விட்டு விட்டு மறுபடி மறுபடி இறுகினாலோ, ரத்தமோ தண்ணீரோ பட்டாலோ, தலை சுற்றினாலோ, தலைவலி விடாமல் அடித்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வலித்து வீங்கினாலோ, எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளை வழக்கத்தைவிடக் குறைவாக அசைந்தாலோ நேரே ஆஸ்பத்திரி. எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காதே.

கோச் சொன்னது பதக்கத்துக்கு. இதற்கு இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டியவள் நான்.

கூட்ஸ்


ஏப்ரல் 4

என் தங்கமே கூட்ஸ்,

நடந்துவிட்டேன்! முப்பத்துமூன்று வாரம் முடிந்து, பீப்பாய் மாதிரி உருண்டு உருண்டு, லிஃப்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். டெய்லரம்மா கைதட்டினாள். வீட்டுக்காரர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒரு காகிதத்தைக் கிழித்துக் கொடுத்து, "அடுத்த ஸ்டாப் கிச்சன்" என்றார். டாக்டர் உன் கடிதத்தைப் பார்த்து, "யாரு இவங்க? நம்ம ஆஸ்பத்திரிக்கு வருவாங்களா?" என்று கேட்டார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஊசி இப்போதைக்கு இல்லை.

ஒரு தப்புச் செய்துவிட்டேன். திட்டாதே என்று சொல்லமாட்டேன். நேற்று ஸ்டாப்வாட்ச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். போன தடவையைவிட நாலு நொடி குறைக்கலாமே என்று தோன்றியது. பத்து நிமிடம் முப்பதாகிவிட்டது. வயிறு கல்லாகிவிட்டது. உடனே உள்ளேயிருந்து அந்தக் குரல், 'நிக்காதே, நட.' இன்னும் இரண்டு அடி வைத்தும்விட்டேன், கூட்ஸ். அப்புறம்தான் பயந்துபோய் தரையிலேயே உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் இறுக்கம் விட்டது, பிள்ளையும் உதைத்தது. ஆஸ்பத்திரிக்கும் போய்க் காட்டிவிட்டோம், ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் இரவெல்லாம் கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை.

உன்,
எக்ஸ்பிரஸ்


ஏப்ரல் 10

முட்டாளே,

வாட்ச்சைப் பூட்டி வை. சாவியை டிரைவரிடம் கொடு. நீ யாரோடு போட்டி போடுகிறாய்? பாதையில் வேறு யாரும் ஓடவில்லை. இனி வாரம் போகப் போக வேகம் குறையவேண்டும், கூடக்கூடாது. இடுப்பு எலும்பு முன்பக்கம் வலித்தால் அடியைச் சின்னதாக்கு. நடுவில் நாற்காலி போட்டு வை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நோயாளியின் முழங்கால் கட்டை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன். அவர், "என்னம்மா, பரிட்சையா?" என்கிறார். ஆமாம் என்றேன்.

இன்னொன்றும் உண்டு. நேற்று படியில் ஒரு நிறைமாதக்காரி வந்தாள். ஒதுங்காமல் அவள் பையை வாங்கிக்கொண்டேன்.

உன் கூட்ஸ்


ஏப்ரல் 17

கூட்ஸ்,

உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அன்றைக்கு நீ வார்டை விட்டுப் போன மறுநாள் டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்திருந்ததாம். பிள்ளை போய் ஒரு நாளுக்கு மேலே ஆகியிருக்கும் என்றார். வயிறு இறுகியது அதற்குப் பிறகு வந்த வலி. "நடந்ததால இல்லம்மா. யார் மேலயும் தப்பு இல்ல" என்று தெளிவாகச் சொன்னார். அப்புறம், "முந்தின நாள் அசைவு இருந்துச்சா?" என்று கேட்டார்.

முந்தின நாள் பள்ளிக்கூட விளையாட்டு விழா. காலையிலிருந்து அசையவில்லை என்று எனக்குத் தெரியும், கூட்ஸ். நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். ரிலே முடியட்டும், பரிசு கொடுத்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். டாக்டரிடம், "இருந்துச்சு" என்று பொய் சொன்னேன்.

நீ போன் பேசும்போதே எல்லாம் முடிந்திருந்தது. உன் வார்த்தை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அது மறுநாளே தெரியும். உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏனென்றால் நீ இல்லை என்றால் அது நான். இரண்டு வருஷம் உன்னைக் குற்றவாளியாக நிறுத்திவைத்துவிட்டு உன் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவரும் உன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதைச் சுமந்துகொண்டு பிரசவ அறைக்குள் போக என்னால் முடியாது. உயிரோடு திரும்புவேனோ மாட்டேனோ. மன்னிப்புக் கேட்க வாய் கூசுகிறது. கேட்கிறேன்.

எக்ஸ்பிரஸ்


ஏப்ரல் 25

கூட்ஸ், எட்டு நாளாகிவிட்டது. முதல் நாலு நாள் தபால்காரரைப் படியிலேயே போய் மறித்தேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், லீவில் இருக்கிறாய் என்றார்கள். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவர் என்னை லிஃப்ட் வரைக்கும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் நடக்கக் கூப்பிட்டார். நான் போகவில்லை. மறுபடியும் படுத்துவிட்டேன்.

பிள்ளை அசைகிறது. மணிக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரி எழுதடி. நாசமாய்ப் போ என்றாவது எழுது.

எக்ஸ்பிரஸ்


மே 1

எக்ஸ்பிரஸ்,

உன் கடிதத்தை வார்டில் வைத்துப் பிரித்தேன். படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அப்புறம் லீவு போட்டேன்.

என் வீட்டுக்காரர் பிள்ளை வேண்டும் என்று கேட்டபோதெல்லாம், ஒரு பிள்ளையை விழுங்கியவளுக்கு இன்னொன்று எதற்கு என்று தட்டிக்கழித்தேன். போன வருஷம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். இப்போது இரண்டு பேரும் ஒரே வீட்டில் விருந்தாளிகள் மாதிரி இருக்கிறோம். உனக்கு மறுநாளே தெரியுமாம். ஒரு தபால்தலை போதுமாயிருந்தது. உன் வயிற்றிலிருந்ததை இறக்கி என் தலையில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறாய். என்னிடம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. உண்மையைச் சொன்னாயே, அதற்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை.

நேற்று மேலதிகாரியிடம் போய், வியாழக்கிழமை வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். நேற்றே வகுப்பும் எடுத்தேன். அங்கே வந்த கர்ப்பிணியின் முதல் கேள்வியே, வயிறு இறுகினால் என்ன செய்ய என்றுதான். பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இனி உனக்கு. முப்பத்தேழு வாரம் முடிந்துவிட்டது, படுக்கக்கூடாது. நாளைக் காலையே எழு. ஐந்து நிமிடம் கூடத்துக்குள். அடி சின்னது, ஒரு கை சுவரில், டிரைவர் பக்கத்தில். நாளை மறுநாள் மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம். அசைவு குறைந்த மாதிரித் தோன்றினால் விடியட்டும், டீ குடிக்கட்டும் என்று ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாதே. எந்த வேலையும் அப்படியே கிடக்கட்டும். போ.

பிறந்ததும் டிரைவரை ஒரு வரி எழுதச் சொல். நீ எழுதாதே. உன் கையெழுத்தை இப்போது என்னால் பார்க்க முடியாது.

இதெல்லாம் உனக்காக எழுதவில்லை. உள்ளே இருப்பது எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதை நடத்திக் கூட்டிக்கொண்டு வா.

கூட்ஸ்