ஏழாம் நம்பர் நாற்காலி

பிட்டர் வெல்ஸ், நெவாடா
மே 3

அன்புள்ள அப்பாவுக்கு,

மிரென் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பனி உருகிப் பின்வாசல் முழுக்கச் சேறாகக் கிடக்கிறது. சால்ட் லேக் ஆஸ்பத்திரியில் உங்கள் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டேன். இருக்கிறதாம்; ஆனால் நீங்கள் எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருப்பதாக நர்ஸ் சொன்னாராம். நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். கடிதத்துக்கு மணி அடிக்காது. எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு செய்தி. வியாழக்கிழமைகளில் அம்மா தீயணைப்பு நிலையக் கூடத்துக்குப் போய்ப் போக்கர் ஆடுகிறார். உங்களைக் கேலி செய்துகொண்டிருந்த அதே அம்மாதான். சுரங்கத்தில் அந்த விபத்து நடப்பதற்கு முன்பே நீங்கள் இந்தப் போட்டியின் பத்து வியாழனுக்கும் பெயர் கொடுத்திருந்தீர்கள் அல்லவா? "அப்பா இடத்த யாராச்சும் பாத்துக்கணும்ல" என்றார் அம்மா.

பெயர் கொடுத்தவர் வராவிட்டாலும் அவருக்கு நாற்காலி உண்டு, பந்தயச் சில்லுகளும் உண்டு என்பது கூடத்து வழக்கம். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் உங்கள் நாற்காலிக்கு அது நடப்பதை நீங்கள் பார்த்ததில்லையே, அதனால் சொல்கிறேன். வெண்டல் மாமா ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏழாம் நம்பர் நாற்காலிக்கு முன்னால் இரண்டு சீட்டு போடுகிறார். உங்கள் முறை வந்ததும் மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவற்றைப் பிரித்துப் பார்க்காமலே எடுத்துவிடுகிறார். முறை வைத்து ஒவ்வொருவரும் போட்டாக வேண்டிய கட்டாயப் பந்தயம் உங்கள் பக்கம் வரும்போது மட்டும் உங்கள் குவியலிலிருந்து சில்லை எடுத்து நடுவில் வைக்கிறார். கூட ஆடுகிற டஸ்டி ஒருநாள் நாற்காலியைப் பார்த்து, "என்னண்ணே, இன்னிக்கும் வாயத் தொறக்க மாட்டீங்களா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே எழுந்து காபி ஊற்றிக்கொள்ளப் போனார்.

அம்மா முதல் வாரம் அரை மணி நேரத்தில் வெளியேறினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆடுவதற்குரிய வயது வராததால் மேசையில் உட்காரக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. வண்டியில் வீடு திரும்பும்போது மட்டும் பேசலாம். "வர்ற எல்லாக் கைக்கும் ஏம்மா சில்லு போடுறீங்க?" என்று கேட்டேன். "ஏஸ் வந்துச்சேடி. அதப் போய்த் தூக்கிப் போடச் சொல்றியா?" என்றார். ஏஸோடு வந்த இன்னொரு சீட்டு வெறும் மூன்று. ஒருமுறை சில்லு போட்டுவிட்டால் போட்டதை விட்டு வர அவருக்கு மனம் வராது. நல்ல சீட்டு வந்தால் உடனே தன் சில்லுகளைப் பார்க்கிறார். ஓர்பா லுண்ட்கிரென் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிற அவர் கண்ணுக்குக் கடைசி வரிசையில் நடப்பதுகூடத் தப்பாது.

நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து குறிப்பு எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் பெரிய பாடம் புத்தகத்தில் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரம் இருபத்தோரு பேர் ஆடினார்கள். அவர்களில் ஒன்பது பேர் உங்கள் நாற்காலிக்கு முன்பே வெளியேறினார்கள். ஒரு சீட்டைக்கூடத் தொடாத நாற்காலி ஒன்பது பேரை ஜெயித்துவிட்டது, அப்பா. சின்னப் பந்தய ஆட்டங்களில் புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் சீட்டு வராததால் அல்ல, வந்த சீட்டையெல்லாம் ஆடுவதால்தான். அம்மாவிடம், "அப்பா நாற்காலி மாதிரி ஆடுங்க" என்றேன்.

அடுத்த வாரம் அவர் பதினொன்றாவதாக வந்தார். மோசமான சீட்டுகளைக் கூசாமல் கவிழ்த்துப் போட்டார். மற்ற எல்லோரும் ஆடி முடித்த பிறகு தன் முறை வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் துணிந்து ஆடினார். அதுவரை அவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும். நல்ல சீட்டு வந்தபோது சில்லுகளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். "என்னம்மா க்ளாரிஸ், மேல மழை ஒழுகுதா?" என்று டஸ்டி கேட்டார். அதையும் சரி செய்ய வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
மிரென்

மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பரவாயில்லை.

நேற்று டாக்டர் அம்மாவிடம் போனில் பேசினார். நான் அடுத்த அறையில் இருந்தேன். ஒட்டுக் கேட்டது தப்புதான். முட்டிக்குக் கீழேதான் கால் போயிருக்கிறது, முட்டி நல்லபடியாக இருக்கிறது, அது பெரிய அதிர்ஷ்டம் என்றாராம். ஆனால் அதை நீட்டி மடக்காமல் போட்டு வைத்தால் மடங்கியபடியே இறுகிவிடும், அதன் பிறகு செயற்கைக் கால் பொருத்துவது கஷ்டம் என்றும் சொன்னாராம். தினமும் காலை பத்து மணிக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் உங்கள் அறைக்கு வருகிறாராம். தினமும் நீங்கள், "நாளைக்குப் பாக்கலாம்" என்கிறீர்களாம். ஜூன் முடிவதற்குள் ஆரம்பிக்காவிட்டால் பிறகு ஆரம்பித்தும் பெரிய பயன் இருக்காது என்றாராம்.

அம்மா போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினார்.

வேறு செய்தி இல்லை. கணக்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது.

மிரென்

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று முன்தினம் கடைசி வியாழன். அன்று நடந்ததை எதையும் விடாமல் எழுதப் பார்க்கிறேன்.

பதினெட்டுப் பேர், இரண்டு மேசை. இந்த முறை முதல் எட்டு இடங்களுக்குப் பரிசு. முதல் பரிசு முழு ஆட்டுக்குட்டி இறைச்சி, எட்டாம் பரிசு ஒரு பை பைன் கொட்டை. ஒன்பதாவதாக வருகிறவருக்குக் கைதட்டல் மட்டும். ஒன்பது பேர் வெளியேறியதும் இரண்டு மேசையையும் ஒன்றாக்கினார்கள். மிஞ்சிய ஒன்பதில் உங்கள் நாற்காலியும் ஒன்று, அம்மாவும் ஒருவர். வெண்டல் மாமா இடம் சொல்லிக்கொண்டே வந்து அம்மாவிடம் மட்டும் தயங்கினார். அவருக்கு விழுந்தது எட்டாம் நாற்காலி. உங்கள் பக்கத்து இடம்.

அம்மாவிடம் ஆறு சில்லு இருந்தது. உங்களிடம் மூன்று. பெரிய கட்டாயப் பந்தயம் இரண்டு சில்லு, சின்னது ஒன்று. அவை உங்களிடம் வந்து போனால் உங்கள் குவியல் காலி. அதற்கு இன்னும் நான்கைந்து ஆட்டம்தான் இருந்தது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், நீங்கள் ஒன்பதாம் இடத்தோடு வெளியேறுவீர்கள், அவருக்குப் பரிசு நிச்சயம். என் குறிப்பேட்டிலும் அதுதான் இருந்தது: உன்னைவிடக் குறைவாக வைத்திருப்பவர் வெளியேறும்வரை காத்திரு.

டஸ்டியும் அதையே சொன்னார். "க்ளாரிஸ், பேசாம உக்காரும்மா. அண்ணன் இன்னும் ரெண்டு நிமிஷந்தான்."

அம்மா திரும்பி உங்கள் நாற்காலியைப் பார்த்தார். விளையாட வந்த இத்தனை வாரத்தில் அவர் அதை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு தன் சீட்டுகளைப் பார்த்தார். ஒரு ராஜா, ஒரு ஒன்பது. ஆறு சில்லையும் இரண்டு கையாலும் நடுவே தள்ளினார்.

"அவரு போறத உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது" என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஓர்பா மட்டும் எதிர்த்து வந்தார். அவரிடம் இரண்டு எட்டு. எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டை நடுவில் விரித்தார்கள். ராஜாவும் வரவில்லை, ஒன்பதும் வரவில்லை. "மன்னிச்சுக்கம்மா" என்றார் ஓர்பா. "நல்லாத்தான் ஆடுனீங்க. நான் ஆடியிருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்" என்றார் அம்மா. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதனால் உங்களுக்கு எட்டாம் இடம்.

சில ஆட்டம் கழித்து முதலில் இரண்டு சில்லும், அடுத்த ஆட்டத்தில் கடைசிச் சில்லும் போயின. அந்தக் கடைசி ஆட்டத்திலும் வெண்டல் மாமா உங்களுக்கு இரண்டு சீட்டு போட்டார். மேசையைத் தட்டினார். பிறகு வழக்கம்போல எடுத்தார். நான் வாய் திறக்கக் கூடாது என்பதை மறந்து, "மாமா, அது என்ன சீட்டுன்னு ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஆடாத கையத் தொறந்து பாக்கக் கூடாது கண்ணு. ஆள் வந்து உக்காந்திருந்தாத்தான் அது கை. இல்லன்னா வெறும் அட்டை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டை எடுத்து, "அப்பா நாற்காலி மாதிரி ஆடுங்க" என்று ஏப்ரலில் எழுதிய வரியை அடித்தேன். அந்த நாற்காலி பலரைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தது உண்மை. ஆனால் பத்து வியாழனில் ஒருமுறைகூட அதன் குவியலில் ஒரு சில்லு கூடியதில்லை. குறைந்துகொண்டே வந்ததுதான். கெட்ட சீட்டைக் கவிழ்க்கத் தெரிந்த பிறகு புதியவர் கற்க வேண்டியது, சில்லு கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஒரு கையை ஆட வேண்டும் என்பதுதான். மூன்று சில்லுக்கு இருக்கிற மதிப்பு, ஒன்றாகிவிட்டால் இருக்காது. ராஜாவும் ஒன்பதும் பெரிய கை இல்லை. அம்மா தோற்றுத்தான் போனார். ஆனாலும் ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

உங்கள் பைன் கொட்டைப் பை கூடத்து அலமாரியில் இருக்கிறது. ஜெயித்தவரே வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டுமாம். எவ்வளவு நாளானாலும் வைத்திருப்பதாக வெண்டல் மாமா சொன்னார்.

அப்பா, இன்று ஜூன் பதினான்கு. இந்தக் கடிதம் வந்து சேர மூன்று நாளாகும். அதற்கு அடுத்த நாளும் காலை பத்து மணிக்கு அந்தப் பெண் உங்கள் அறைக்கு வருவார். உங்கள் முட்டி எந்த அளவுக்கு நீளும் என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அது நல்ல கையாக இல்லாமல்கூடப் போகலாம். அதற்காக உங்களை ஒன்றும் சொல்ல மாட்டோம்.

அவர் வரும்போது இந்தப் பக்கம் மட்டும் திரும்புங்கள், அப்பா.

காத்திருக்கும்,
மிரென்