கண்ணாடி அலுமாரியில் ஒரு அலாரம்

ஜனவரி 12, 2026, திங்கள்
வீட்டில் அலாரங்களை எங்கே பொருத்துவது என்று நான் தமிழில் எழுதிய துண்டுப்பிரசுரம் அச்சாகி அலுவலகத்துக்கு வந்தது. புகை அலாரம் ஒவ்வொரு மாடியிலும், நடைவழிக் கூரையில். வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலர் உள்ள அறையில் காபன் மொனொக்சைட் நச்சுவாயு அலாரம். “லண்டனிலேயே பாதுகாப்பான வீடு உம்மட வீடாத்தான் இருக்கும்,” என்றார் மேலாளர் றஜீனா. சிரித்து வைத்தேன். எங்கள் புகை அலாரத்துக்கு அம்மா தன் குளியல் தொப்பியை மாட்டியிருக்கிறா. மீன் பொரித்த அன்று, அது கத்தாமலிருக்க மாட்டியது. மூன்று வருடமாகப் பொரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜனவரி 13
தொப்பியைக் கழற்றினேன். காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் வாங்கி வந்தேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தா.
“வடிவா இருக்கு பிள்ளை. உறையைக் கிழிச்சுப்போடாத, பழுதாப் போயிடும்.”
இப்போது அது கண்ணாடி அலுமாரியில், என் பட்டமளிப்புப் படத்துக்கும் லூர்து மாதாவுக்கும் நடுவில். குடும்பத்தின் ஒரே பட்டதாரியும் புத்தம்புது அலாரமும். இரண்டும் வாய் திறப்பதில்லை.

ஜனவரி 18, ஞாயிறு
அப்பாவுக்கு மறுபடி தலையிடி. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் பின்னறையில்தான் படுப்பார், சத்தமில்லை என்று. பொயிலரும் அங்கேதான்.
“கோயிலுக்கு வெளிக்கிட்டாச் சுகமாயிடுது. மாதாவின்ர கிருபை.”
வெளியே போனால் தீருகிற தலையிடி, நச்சுவாயுவின் அறிகுறி — என் துண்டுப்பிரசுரம், இரண்டாம் பக்கம், தடித்த எழுத்து.
“பொயிலரை ஆரையும் கூப்பிட்டுக் காட்டுவமே அப்பா?”
“நீ பிறக்க முந்தியே ஓடுது அது.”
பிறகு? பிறகென்ன, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஆயிரம் பேருக்கு எழுத ஏலும். ஒருத்தருக்குச் சொல்ல ஏலாது.

ஜனவரி 19
இன்றைக்கும் சொல்லவில்லை.

ஜனவரி 20
காலையில் அப்பா வந்து படுத்தபின் அலுமாரியைத் திறந்து உறையைக் கிழித்தேன். பொயிலரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, அவர் கட்டிலருகே இருந்த சுவர்த் தட்டில் வைத்தேன். வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடும்போது கத்தத் தொடங்கியது. அம்மா ஓடி வந்தா.
“சொன்னனான் எல்லே. கிழிச்சுப் பழுதாக்கிப்போட்டாய்.”
அப்பா எழும்பேல்லை. அந்தச் சத்தத்துக்கும் எழும்பேல்லை — நான் கத்தினேன். என்ன கத்தினேனோ தெரியாது. உலுக்கி, இழுத்து, உடுத்த சாரத்தோடு தெருவுக்குக் கொண்டுவந்தோம். குளிரில்தான் கண்ணைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். வீட்டில் காஸ்காரர்கள் வந்து பொயிலரை நிறுத்திச் சிவப்பு எச்சரிக்கை ஒட்டிவிட்டார்கள்.
அலாரம் வாங்கி எவ்வளவு நாள் என்று தாதி கேட்டா. “ஒரு கிழமை,” என்றா அம்மா, பெருமையாக.

பெப்ரவரி 1, ஞாயிறு
பூசை முடிந்து, மண்டபத்தில் நாற்பது பேருக்கு நடுவில் அப்பா.
“படுத்திருக்கேக்கையே ஒரு மணம் வந்தது பாருங்கோ. உடனே விளங்கிட்டுது எனக்கு.”
“அதுக்கு மணமே இல்லை அப்பா. நீங்கள் எழும்பவுமில்லை.”
சொன்னது நான். எல்லோரும் திரும்பினார்கள். அப்பாவும். கடைசியில் பாலேந்திரா அங்கிள்தான் கேட்டார்: “அப்ப அந்தச் சாமானை எங்க பொருத்துறது பிள்ளை?”
சொன்னேன். கேட்டார்கள், மறுபடி சொன்னேன். கடைசி ஆள் போகும்போது தேத்தண்ணியோடு சாப்பிட வைத்த ரோல்ஸ் முடிந்துபோயிருந்தது. அப்பா ஒன்றைக் கடதாசியில் சுற்றி எனக்கென்று வைத்திருந்தார்.