சட்டியோடு நட்ட மாங்கன்றுகள்

பரந்தன்.
1959ம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 6ந் திகதி ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷம். திரும்பி வந்த மாங்கன்று பதினேழு.

அன்பு மகள் அருந்ததிக்குக் குஞ்சியப்பு எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனதுக்கு அப்படிச் சொல்ல முடியாது, பதுளைக் குளிரில் நீ சுகமாக இருக்கவேண்டுமென்று அம்மா வெள்ளிதோறும் பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறா. மேலே எழுதின பதினேழு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்து இந்தப் பக்கம் காணி பிடித்த சனம் நம்முடைய நாற்றுமேடைக்கு வந்தால் ஒரே கேள்விதான், மூன்று மாதத்தில் காய்க்கிறது என்ன இருக்கு. ரோசாவையும் குரோட்டனையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் கிளப்பிவிட்டு மிளகாயும் கத்தரியும் நாற்றுப் போட்டேன், பப்பாசிக் கன்றும் முருங்கைத் தடியும் எவ்வளவு வைத்தாலும் போகுது, அதால்தான் அடுப்பு எரிகிறது. உன் அப்பா, என் அண்ணர், இருந்த காலத்தில் வைத்த தாய்மரத்தில் நான் ஒட்டுக்கட்டின மாங்கன்றுகள் மட்டும் அப்படியே கிடந்தன, காய்க்க நாலு வருஷம் என்று சொன்னால், நாலு வருஷமோ தம்பி, நாலு கிழமையிலை எங்கை நிப்பமோ தெரியாது என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

போன மாரியில், முன்பு கொழும்புக் கந்தோரில் கிளாக்கராக இருந்த தில்லைநாதன் முதல் கன்றை வாங்கினார், அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். சட்டியை உடைச்சுப் போட்டு நடுங்கோ என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன், ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். வைகாசி வெயிலோடு இலை மஞ்சளித்துக் கருகத் தொடங்கிவிட்டது. யோகலிங்கத்தின்ரை மாங்கண்டு நோய்க்கண்டு என்று என் பேரைச் சொல்லிச் சந்தித் தேத்தண்ணிக்கடையில் கதை பரவி, இப்போது மிளகாய் நாற்றுக்கு வருகிறவர்களும் படலைக்குள் வராமல் தாண்டிப் போகிறார்கள். இந்த மாரி விற்காவிட்டால் மேடையை மூடவேண்டியதுதான். நேற்று எல்லாருமாகக் கன்றுகளைத் தோண்டிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். பார்த்தால் நான் கொடுத்த அதே சட்டிகள், நான் கரியால் போட்ட அடையாளம்கூட முழுதாக அழியவில்லை. சட்டியோடேயே மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள்! ஒன்றை உடைத்துப் பார்த்தேன், வேர் வெளியே போக வழியில்லாமல் கயிறு சுற்றினமாதிரி உள்ளே சுற்றிக் கிடந்தது, பக்கத்தில் ஈரம் இருந்தும் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் உடைக்கவில்லை என்று கத்தினேன். தில்லைநாதனுடைய மனுசி பத்மாசனி அக்காதான் சொன்னா, இன்னொருக்கால் எழும்பிப் போ எண்டால் மரத்தை என்ன செய்யிறது தம்பி, சட்டியோடை எண்டால் லொறியிலை ஏத்தலாம், கொழும்பிலை காய்ச்சு நிண்ட பலாவை விட்டிட்டு வந்தது போதும் என்று. எனக்குக் கோபம் அடங்கவில்லை, அப்ப கிணத்தையும் ஒரு சட்டிக்குள்ளை வெட்டியிருக்கலாமே அக்கா என்றேன். அவா சிரிக்கவில்லை, அதுக்கு அளவான சட்டி உம்மட்டை இருந்தால் தாரும் என்றா. கமத்தொழில் பாடசாலையில் இரண்டு வருஷம் பயிர்வளர்ப்புப் படித்த நான் குனிந்து உடைந்த சட்டித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

இனி உன் விஷயம். கடைசி மூன்று கடிதத்திலும் நிற்கிறதோ வருகிறதோ அடுத்த மாதம் பார்ப்பம் என்று எழுதியிருக்கிறாய், தை மாதம் படிப்பிக்கப் போனவள் உடுப்பை இன்னும் டிறங்குப்பெட்டியிலிருந்து எடுக்கவில்லையாம். இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் காலியாக இருக்கு, இடமாற்றத்துக்கு இந்த மாதம் 20ந் திகதிக்குள் எழுதவேண்டும். வரச்சொல்லி எழுது, வரச்சொல்லி எழுது என்று அம்மா நான் இருந்து எழுதுகிற கதிரைக்குப் பின்னால் நிற்கிறா. நான் எழுதமாட்டேன். நீ வந்துவிட்டால் அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு வாத்தியார் இல்லை என்கிறாய், அதுவும் உண்மைதான். அங்கே பயமில்லை, இங்கே பயமில்லை என்று எவனும் எழுதித் தரமாட்டான், நானும் தரமாட்டேன். ஒன்றில் இங்கே வா, இல்லாவிட்டால் அங்கேயே உடுப்பை எடுத்து அலுமாரியில் அடுக்கு. இரண்டில் எதைச் செய்தாலும் அம்மாவைச் சமாளிக்கிறது என் பொறுப்பு. கம்பளிச்சட்டை போடாமல் காலையில் வெளிக்கிடாதே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. எந்த ஊரில் நின்றாலும் பிள்ளையார் உன் பக்கம் நிற்கட்டும். 20ந் திகதியை மறந்துவிடாதே.

நான் செய்யப்போகிறது:

1. பதினேழு சட்டியையும் உடைத்து, சுருண்ட வேரை வெட்டி, நிழலில் வைப்பேன். தப்புகிறதை அவரவரிடம் திருப்பிக் கொடுப்பேன், சாகிறதுக்கு வேறு கன்று.

2. இனிமேல் சட்டியோடு மாங்கன்றை ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டேன். நானே போய், குழியடியில் சட்டியை உடைத்து, நட்டுவிட்டுத்தான் திரும்புவேன். முதலாவது பத்மாசனி அக்கா வீடு, அவா ஏசினாலும் சரி.

3. உனக்கு வேலை கிடைத்த அன்று, நீ எங்கே நிலைக்கிறாயோ அங்கே அனுப்ப என்று ஒரு ஒட்டுமா எடுத்துவைத்தேன். ஊருக்கெல்லாம் கத்தின நான் அதைத் தை மாதத்திலிருந்து சட்டியிலேயே வைத்திருக்கிறேன். இன்று பார்த்தேன், சட்டி வெடித்து வேர் வெளியே வந்துவிட்டது. பதுளை உயரத்திலும் மா காய்க்கும், அங்கே என்றால் ரெயிலில் அனுப்புவேன், இங்கே என்றால் கிணற்றடியில் நடுவேன். உன் பதில் வராவிட்டாலும் 20ந் திகதி சட்டியை உடைப்பேன்.

இப்படிக்கு,
குஞ்சியப்பு
செ. யோகலிங்கம்