ஒரு வாளித் தண்ணீர்

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

இன்று எங்கள் பழைய பேப்பர் கடைக்குப் பேப்பர் மில் மேனேஜரே போன் செய்தார். நான்கு மாதமாக எங்கள் சரக்கை எடுக்காமல், கப்பலில் வரும் வெளிநாட்டுக் கழிவுத்தாளையே வாங்கிய மனுஷன். அது மலிவு, ஈரமும் கிடையாது என்பார்.

"அந்த வெளிநாட்டுக் கட்டைப் பிரிச்சா உள்ள அவ்வளவும் பிளாஸ்டிக்கும்மா. அதை எரிச்சா ஊரே இருமுது. நீங்களே அனுப்புங்க. ஆனா காஞ்சதா இருக்கணும்."

கடைசி வார்த்தை சுருக்கென்றது. எடை கூட, கட்டுகள் மேல் ஒரு வாளித் தண்ணீர் தெளிப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வெளிநாட்டுத் தாளுக்கு வழிவிட்டதே அந்த வாளிதானோ?

சாயங்காலம், கட்டுகளை வாசலில் அடுக்கிய லோடுமேன் செல்வம் அண்ணன் வழக்கம்போல் வாளியைத் தூக்கினார்.

"வேணாண்ணே, கீழ வைங்க."

"எடை கொறையுமேம்மா?"

"கொறைஞ்சா கொறையட்டும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டார்.

குரும்பலூரிலிருந்து அட்டைப்பெட்டி பொறுக்கி வரும், இந்த நான்கு மாதமாக நிறுத்தி வைத்திருந்த பெண்களையும் மறுபடி வரச் சொல்லிவிட்டேன். காலையில் லாரி வருகிறது.

மழை பெய்தால் எடை கூடும் என்று இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியவள் நான். இப்போது தகரத்தின் மேல் தூறல் கேட்கிறது. தார்ப்பாய் போட ஓடுகிறேன்.